யாரும் சொல்லாத பத்தியம்

என் கணவர் எண்ணெய்க் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

டெக்சஸில் ரவுண்ட் ராக்கில் நாங்கள் வீடு வாங்கிய இரண்டாவது வருடம் அது, 2005. அவருக்கு முப்பத்தாறு வயது. பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கல்லீரலில் ஒரு சின்னப் புள்ளி மிச்சம் இருக்கிறது, கீமோ கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். புள்ளி சுருங்கினால் அதையும் வெட்டி எடுத்துவிடலாம். சுருங்காவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. ஊரில் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. மதுரையில் இருந்த என் மாமியாருக்கு, மகனுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் ஆனது, இப்போது நன்றாக இருக்கிறான் என்பது வரைதான் தெரியும்.

கீமோ ஆரம்பித்த சில நாட்களிலேயே அவருக்கு நாக்கு செத்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்பார். உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. என் சந்தேகத்தின் வேர் அங்கேதான் இருந்தது. ருசியே தெரியாத மனிதர் எதற்காக ஒன்றை மட்டும் பார்த்து ஒதுக்க வேண்டும்?

"ஏங்க, கத்தரிக்கா உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான் செஞ்சேன்."

"வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா. தயிர்சாதம் போதும்."

வயிறு ஒரு மாதிரி இருப்பது உண்மைதான். அந்த மருந்து வயிற்றைப் பிடுங்கி எடுத்தது. ஆனால் அடுத்த நாள் வத்தக்குழம்பு வேண்டாம் என்றார். வாரக் கடைசியில் மீன் வேண்டாம் என்றார். பூசணிக்காய் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம். பாசிப்பருப்பும் புடலங்காயும் போட்டால் மட்டும் சத்தம் இல்லாமல் சாப்பிட்டார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவற்றை ஒதுக்கினால், புளி விடாத, காரமான மிளகு ரசத்தையும் ஒதுக்க வேண்டும் அல்லவா? அதை இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, புளி, கத்தரிக்காய், மீன், பூசணி என்று மனதுக்குள் வரிசையாக ஓடியது. அந்த வரிசையை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். நாட்டு மருந்து குடிக்கிறவர்கள் இருக்கும் பத்தியம் அது.

காலிங் கார்டில் மதுரைக்குப் போன் செய்து, குழந்தையின் சளியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"அத்தை, அவர் எப்பவாவது நாட்டு மருந்து சாப்பிட்டிருக்காரா?"

"காலேஜ் படிக்கையில மஞ்சக்காமாலை வந்துச்சுல்ல, அப்ப குடிச்சான். ஒரு மண்டலம் புளி கிடையாது, கத்தரிக்கா கிடையாது, மீன் கிடையாது. சுத்தமா இருப்பான் எம்புள்ள. ஒரு நாள் நான் பாகக்கா வறுத்தேன்னு அடுப்படிப் பக்கமே வரலைனா பாத்துக்க. பாகக்கா மருந்தை முறிச்சுப்புடும்ல. ஏம்மா கேக்குற?"

"சும்மாதான் அத்தை."

சும்மா என்று சொன்ன பிறகு, நான் சொன்ன விதத்தில் அத்தைக்கு ஏதாவது சந்தேகம் வந்திருக்குமோ என்று வேறு கவலைப்பட்டேன். அந்த நாட்களில் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. கீமோ அறையில் பக்கத்து நாற்காலிக்காரரின் இருமலைச் சந்தேகப்பட்டேன். டாக்டர் சிரித்தால், ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பிறகு அந்தப் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன்.

அவர் என்ன குடிக்கிறார், எங்கே வைத்துக் குடிக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. அலமாரிகளில் ஒன்றும் இல்லை. கண்டுபிடித்துக் கொடுத்தவள் மகள்தான், அவளுக்கே தெரியாமல். அப்பாவின் காரில் டேகேரில் இருந்து திரும்பும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

"ஸ்மெல்ஸ் லைக் டர்ட், அம்மா."

"ஷூவைக் கழட்டிப் பாரு, மிதிச்சுட்டு வந்திருப்ப."

"நாட் மை ஷூ!"

அவர் குளிக்கப் போன நேரத்தில் காரின் டிக்கியைத் திறந்தேன். ஜம்பர் கேபிளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு பிளாஸ்க் இருந்தது. மூடியைத் திருகியதும் மழைக்குப் பின் வரும் மண்வாசனை, ஆனால் ரசிக்கும்படி இல்லை. அதோடு கரி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஏதோ ஒரு இனிப்பு வேர். அடியில் கறுப்பாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது. பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் ரோஸ் நிறக் காகிதத்தில் மடித்த பொட்டலம். உள்ளே சீவிய வேர், பட்டைத் துண்டுகள், காளான் போல் ஒன்று, சுருங்கிய சிவப்புப் பழங்கள். காகிதத்தின் மேல் சீன எழுத்து. நான் எம்.எஸ்சி. படித்தவள். அந்தக் காகிதத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தால் நேர் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவருடைய ஆபீசில் பக்கத்து க்யூபிக்கிளில் ஒரு சீனர் இருந்தார். அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தவர். அவர்தான் என்று உடனே முடிவு கட்டினேன்.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து டிக்கியை மூடினேன். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பிளாஸ்க்கை ஆபீசுக்கு மாற்றிவிடுவார், பிறகு எனக்கு எதுவுமே தெரியாமல் போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவர் அந்த நாட்களில் வீட்டில் ஒரே கலகலப்பாக இருந்தார். முடி கொட்டியதற்கு ஜோக், மருந்து சொட்டும் பம்ப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிவதற்கு ஜோக். அந்தக் கலகலப்பில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு முறை கீமோவுக்குப் போகும்போதும் நர்ஸ் கேட்பார்: வைட்டமின், மூலிகை, டீ, வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா? என் கணவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வார்.

"நத்திங்."

நான் பிளாஸ்க்கைப் பார்த்த பிறகும் அதே 'நத்திங்'தான். நான் என் மடியில் இருந்த ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியாள் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

மகள் மதியம் தூங்கும்போது இன்டர்நெட்டில் தேடினேன். சீன மூலிகைகளில் இருந்து எடுத்த பொருள்கள் சோதனைச் சாலையில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கின்றன என்று ஒரு பக்கம் சொல்லும். அதே மூலிகை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று அடுத்த பக்கம் சொல்லும். கண்ணாடித் தட்டில் கொன்றதா, எலியில் கொன்றதா, மனிதரில் கொன்றதா என்று தேடினால் எழுத்து மங்கலாகிவிடும். மிகவும் புகழ்ந்து எழுதியிருந்த பக்கங்களின் அடியில் தவறாமல் ஒரு பட்டன் இருந்தது: வாங்க இங்கே அழுத்தவும். பயமுறுத்திய பக்கங்களை யார் எழுதினார்கள், அவர்கள் எதை விற்கிறார்கள் என்று அடுத்து சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

அந்த வாரம் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன.

டாக்டர் காகிதத்தை நீண்ட நேரம் பார்த்தார். இந்த நிலையில் டிரிப் ஏற்ற முடியாது, அந்த மருந்தைக் கழிப்பதே கல்லீரல்தான், கல்லீரல் சோர்ந்திருக்கும்போது கொடுத்தால் மருந்து உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும் என்றார். அடுத்த வாரம் போனோம். அளவு இறங்கவில்லை. மறுபடியும் தள்ளிப்போட்டார். இது மருந்தினால் ஏறியதா, அந்தப் புள்ளியினால் ஏறியதா என்று தெரியவில்லை. இப்படியே போனால் இந்த மருந்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போக வேண்டியிருக்கும், அது இந்த அளவுக்கு வேலை செய்யுமா என்று சொல்ல முடியாது என்றார்.

"வேறு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையே?"

"நத்திங்."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அந்தப் புள்ளி மருந்து இல்லாமல் சும்மா இருக்கிறது. பிளாஸ்க்கால் டிரிப் நிற்கிறது, டிரிப் நின்றதால் புள்ளி வளர்கிறது.

இரண்டு வீடு தள்ளி மகனோடு இருந்த ஆண்ட்டியிடம் மட்டும் சொன்னேன். திருச்சியில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் சுடிதாரும் ஸ்னீக்கருமாகத் தெருவைச் சுற்றி வருவார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடேன்."

"அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன் ஆண்ட்டி? அவர் பொய் சொன்னாருன்னு நானே சொல்றதா?"

"அப்ப அவர்கிட்டயே கேளு."

"கேட்டா ஒளிச்சு வச்சுக் குடிப்பாரு."

ஆண்ட்டி ரெண்டு எட்டு நடந்துவிட்டு நின்றார். "அவரே பத்தியம் இருக்கார்ங்கிற. அப்ப மருந்து முறிஞ்சுடும்ங்கிற பயம் அவருக்கு இருக்கு. பேசாம பாகற்காயைப் போட்டுடு. அது பாட்டுக்கு முறிச்சுடும். சண்டையும் வராது."

"ஆண்ட்டி, நீங்க கெமிஸ்ட்ரி எடுத்தவங்க."

"கெமிஸ்ட்ரி வேற, பாகற்காய் வேற. ஓவரா யோசிக்காதடீ."

யோசிக்காமல் இருக்க என்னால் முடியாது. பாகற்காய் மருந்தை முறிக்கும் என்று நான் நம்புகிறேனா? இல்லை. நம்பாவிட்டால் போட்டால் என்ன? ஒன்றுமில்லை, காய்தானே. ஒருவேளை முறித்தால்? நல்லதுதானே. இப்படி எந்தப் பக்கம் போனாலும் பாகற்காய் போடுவதில் போய் முடிந்தது.

இந்தியன் கடையில் பாகற்காய் வதங்கிக் கிடந்தது. ஆஸ்டினுக்கு வடக்கே இருந்த பெரிய சீனக் கடைக்குப் போனேன். அங்கே வெளிர்பச்சையில் குண்டாக, முள் மழுங்கி, நம் ஊர்ப் பாகற்காயின் பணக்கார அக்கா மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் சீன மருந்தை முறிக்கச் சீனக் கடையில் சீனப் பாகற்காய் வாங்குகிறேன் என்பது உறைத்தது. சிரிப்பு வரவில்லை. இது முறிக்குமா, அல்லது இதுவும் அவர்கள் பக்கம்தானா என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன்.

வதக்கி, உளுத்தம்பருப்பு வைத்து, துவையலாக அரைத்தேன். புளி போடவில்லை; போட்டால் தொடமாட்டார். சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

"இது என்ன?"

"பீர்க்கங்காத் துவையல்."

"ம்."

நாக்கு செத்திருந்ததால் அவருக்குக் கசப்பு தெரியவில்லை. மகள்தான் விரலால் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"அப்பா, டோன்ட் ஈட்! இட்ஸ் பாய்சன்!"

அவர் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மகாராணிக்கு சீஸ் இல்லாத எல்லாமே பாய்சன்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் நிறைந்து வழியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் முழுவதும் ஏதாவது ஒரு வடிவில் பாகற்காய் போட்டேன். வாரக் கடைசியில் பரிசோதனை. அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. குறைந்த அளவில் டிரிப் ஏற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பாகற்காய் முறித்துவிட்டது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை வெட்கத்தோடு கேட்டுக்கொண்டேன்.

கீமோ அறையில் சாய்வு நாற்காலிகள் ஜன்னலைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். எங்கள் நர்ஸ் எல்லோரையும் 'ஹனி' என்று கூப்பிடும் டெக்சஸ் பெண்மணி. பெரிய வளையக் கம்மல். இரண்டு நர்ஸுகள் சேர்ந்து பெயர், பிறந்த தேதி, மருந்தின் அளவு எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார்கள். அந்த அறையில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான். வெளிச்சம் படாமல் இருக்கப் பழுப்பு உறை போட்ட பையை நர்ஸ் கம்பியில் மாட்டினார். குழாயை இன்னும் இணைக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து டிரிப் கிடைத்ததில் அவர் உற்சாகமாக இருந்தார்.

"இது எதுலேர்ந்து வருது தெரியுமா உனக்கு?" என்று பையைக் காட்டினார். "ஒரு சைனீஸ் மரம்."

"சும்மா இருங்க."

அவர் நர்ஸிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் ஹனி, சீனாவில் வளரும் மரம்தான், மகிழ்ச்சி மரம் என்று பெயராம், என்றார் நர்ஸ். அதோ அந்த அம்மாவுக்குப் போகிறதே, அது வேறொரு மரத்துப் பட்டையில் இருந்து வந்தது, இந்த அறையே ஒரு காடுதான், என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பட்டை. டிக்கியில் இருந்ததும் பட்டைதான். இதுவும் மூலிகை என்றால், இன்று காலை தோசைக்கு நான் வைத்த துவையல் எதை முறிக்கும்? பிளாஸ்க்கை மட்டும் முறித்துவிட்டு இதை விட்டுவிடு என்று பாகற்காயிடம் யார் சொல்வது? முட்டாள்தனம் என்று தெரியும். என்னை அறியாமல் நர்ஸிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்: பாகற்காய் சாப்பிட்டால் இந்த மருந்து வேலை செய்யாமல் போய்விடுமா?

நர்ஸுக்குப் புரியவில்லை. என் கணவருக்குப் புரிந்துவிட்டது.

"யாரு பாகற்காய் சாப்பிட்டா?"

"நீங்கதான்."

"நான் எப்போ சாப்பிட்டேன்?"

"பீர்க்கங்காத் துவையல்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. "எதுக்கு?"

"உங்க பிளாஸ்க்குக்கு."

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் சரியா ஹனி என்று கேட்டார். என் கணவர் 'நத்திங்' என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். இவர் ஒரு சீனக் கஷாயம் குடிக்கிறார், அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

நர்ஸ் பழுப்பு உறைப் பையைக் கம்பியில் இருந்து கழற்றி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "போச்சு. சந்தோஷமா?"

டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கஷாயத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார். பிளாஸ்க் மூடியால் என்றார் என் கணவர், மெல்லிய குரலில். இந்த டிரிப்பே சீன மரம்தானே டாக்டர் என்று அதோடு சேர்த்தும் சொன்னார்.

மரம் சீனாவுடையதுதான், என்றார் டாக்டர். ஆனால் மரத்தில் இருந்த பொருளை அப்படியே கொடுத்தபோது மனிதர்கள் தாங்கவில்லை. அதைப் பிரித்து, மாற்றி, இவ்வளவு எடை உள்ளவருக்கு இவ்வளவு என்று கண்டுபிடித்த பிறகுதான் மருந்தானது. உங்கள் பிளாஸ்க்கிலும் ஏதாவது நல்லது இருக்கலாம், எனக்குத் தெரியாது. சில மூலிகைகள் கல்லீரலைத் தூண்டி என் மருந்தை வேலை செய்யும் முன்பே வெளியே தள்ளிவிடும். சில மூலிகைகள் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டில் எது நடந்தாலும் நான் இருட்டில் சுடுகிறேன். நீங்கள் சொல்லியிருந்தால் மருந்தை மாற்றுவதைப் பற்றி நான் பேசியே இருக்க மாட்டேன்.

"அப்ப பாகற்காய்?" என்று கேட்டேன். அது வெறும் காய், ஒன்றும் செய்யாது என்று சொல்வார், நான் வெட்கப்பட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"அதுவும் எனக்குத் தெரியாது" என்றார். "இப்போதைக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள்."

அவ்வளவு படித்தவர் ஒரு காயைப் பற்றித் தெரியாது என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். ஃப்ரீவேயில் லாரிகளுக்கு நடுவே, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி.

"வேவு பாத்தியா என்னை?"

"நீங்க பொய் சொன்னீங்க."

"பொய் இல்ல. சொல்லலை."

"நத்திங்னு சொன்னீங்களே, அது என்ன?"

"நீ மட்டும் என்ன? பீர்க்கங்கான்னு ஊட்டிவிட்டிருக்க. எனக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே."

எக்ஸிட்டைத் தவறவிட்டு அடுத்ததில் திரும்பினேன். சிக்னலில் நிற்கும்போது, "ஏன் டாக்டர்கிட்ட மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா?" என்றார்.

சனிக்கிழமை அந்தச் சீன நண்பர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பொட்டலத்தில் இருப்பவற்றின் பெயரை டாக்டருக்காக எழுதித்தரச் சொல்லி என் கணவர் கேட்டிருந்தார். விஷயம் தெரிந்து பதறிப்போயிருந்தார் மனிதர். சோஃபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தே பேசினார். இது புற்றுநோய்க்கு இல்லை, சாப்பாடு இறங்காதவர்களுக்குப் பசி எடுக்க என் மாமியார் போடுவது, அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விடவில்லை. இதைக் குடித்தால் கத்தரிக்காய், புளி, மீன் சாப்பிடக் கூடாதா என்று கேட்டேன்.

நண்பருக்கு என் கேள்வி விளங்கவே இல்லை. "கத்தரிக்காயா? ஏன் கூடாது?" என்றார். "என் மனைவி வாராவாரம் செய்கிறாள். மீன் நல்லதுதானே."

அவரை இத்தனை நாள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். காகிதத்தின் மேல் எழுதியிருந்தது என்ன என்று கேட்டேன். கடையின் பெயரும் எத்தனை கிண்ணம் தண்ணீர் என்பதும்தான் என்றார். உங்கள் வீட்டில் யாராவது குடித்திருக்கிறார்களா என்று கேட்டேன். அப்பா குடித்தார், கீமோ எடுத்துக்கொண்டிருந்தபோது, என்றார். கடைசிவரை நன்றாகச் சாப்பிட்டார் என்றும் சொன்னார்.

கடைசிவரை என்று சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. பையில் இருந்து ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்து, உரித்ததை என் மகளிடம் கொடுத்தார். "தேங்க் யூ அங்கிள்" என்று வாங்கிக்கொண்டு அவள் ஓடிப்போனாள்.

அவர் போன பிறகு நான் என் கணவரிடம் கேட்டேன்.

"பத்தியம் இருக்கணும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"அப்புறம்?"

அவர் ஆரஞ்சுத் தோலைச் சேர்த்துக் குவித்துக்கொண்டிருந்தார். "சும்மா குடிச்சா வேலை செய்யுமான்னு இருந்துச்சு. எதையாவது விட்டாத்தானே மருந்து. இங்க டாக்டர் எதையும் விடச் சொல்லலை. நாற்காலில உக்கார்ந்து டிவி பாக்கச் சொல்றாங்க. நான் ஒண்ணுமே செய்யாம எப்படி..." முடிக்கவில்லை. "கத்தரிக்காயாவது விடலாம்னு."

எவனோ ஏமாற்றிவிட்டான் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். முடிக்கு ஜோக், பம்ப்புக்கு ஜோக் என்று வீட்டையே சிரிக்கவைத்த மனிதர் இவ்வளவு பயந்துபோயிருந்தார் என்பதை நான் சந்தேகப்படவே இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை. தோலை அவர் கையில் இருந்து வாங்கிக் குப்பையில் போட்டேன். பிளாஸ்க்கைக் கழுவினேன். வாசனை போகவில்லை, அதையும் தூக்கிப் போட்டேன்.

கல்லீரல் அளவுகள் மெல்ல இறங்கின. மருந்தை மாற்றாமலே டிரிப் மறுபடி ஆரம்பித்தது. வசந்தகாலத்தில் எடுத்த ஸ்கேனில் புள்ளி சுருங்கியிருந்தது. கோடையில் அதை வெட்டி எடுத்தார்கள். இப்போதும் வருடத்துக்கு இரண்டு முறை ஸ்கேனுக்குப் போகிறோம். இதுவரை எதுவும் திரும்பி வரவில்லை. 'இதுவரை' என்ற வார்த்தையை நான் விடுவதில்லை.

அளவை ஏற்றியது எது என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. பிளாஸ்க்கா, டிரிப்பா, அந்தப் புள்ளியா? பாகற்காய் போட்ட வாரத்தில் இறங்கியதே, அது ஏன்? பின்னால் கேட்டபோது, டிரிப் தள்ளிப்போனதால் கல்லீரலுக்கு ஓய்வு கிடைத்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆண்ட்டி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "முறிச்சுதா இல்லையா, அதைச் சொல்லு" என்பார்.

என் கணவர் தன் சாஃப்ட்வேர் பாஷையில் அலுத்துக்கொள்வார்: "ஒரே நேரத்துல மூணையும் மாத்தினா பக் எதுல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொண்ணா நிறுத்தியிருக்கணும்."

"உங்களை வச்சு டெஸ்ட் பண்ணவா?"

"வேற யாரை வச்சு பண்ணுவ?"

சிரித்துவிடுவோம். ஆனால் அவர் தட்டை நான் பார்ப்பது நிற்கவில்லை. புளி வாங்கிக்கொண்டாரா, மீன் எடுத்தாரா என்று பரிமாறும்போதே கண் போய்விடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கத்தரிக்காய் செய்திருந்தேன். அவர் ஒரு கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். என் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வேகலை."

"நிஜமாவா?"

"அய்யோ, வேகலைம்மா. நீயே பாரு."

தட்டில் இருந்து அதை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். காம்புப் பக்கம் கல் மாதிரி இருந்தது. உண்மையிலேயே வேகவில்லை. அதை மறுபடி வாணலியில் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, மூடி வைத்தேன். வெந்த பிறகு அவர் தட்டில் வைத்துவிட்டு, அவர் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.